வாசலில் தொங்கிய தேர்ச்சி

தலைநகரில் தேர்வு எழுதிவிட்டு, கப்பலில் ஒரு நாளும் ஜீப்னி வண்டியில் அரை நாளும் பயணம் செய்து ஊர் திரும்பிய ரெசில் மக்பந்தாய், கல்லூரி வாசலில் இறங்கியபோது, தன் முகம் பன்னிரண்டு அடி உயரத்தில் தொங்குவதைக் கண்டாள். முகத்துக்குப் பக்கத்தில் அவள் தேர்ச்சி பெற்றுவிட்டதாக, வருடத்தோடு எழுதியிருந்தது. விடைத்தாள்களை அதுவரை யாரும் திருத்தத் தொடங்கியிருக்கவில்லை.

பேனரில் இருந்தது முதலாண்டு அடையாள அட்டைக்காக எடுத்த படம். ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவளுக்கு வலப்புறம், அவளைப்போல் இரண்டு மடங்கு அளவில், வளாக இயக்குநர் டாக்டர் புருதென்சியோ அல்கோரிசா இரண்டு கண்களையும் நன்றாகத் திறந்துகொண்டு சிரித்தார். கீழே நகரத் தலைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நடுவில், 'தேசிய மீன்வள உரிமத் தேர்வு: பாலாங்கிடான் வளாகம் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று மஞ்சள் எழுத்து.

ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான் டிக்யோ. அந்த வளாகத்தில் பேனர் கட்டுவதற்கென்றே தினக்கூலியில் வைத்திருந்த ஆள் அவன்.

"டிக்யோ, என்ன இது?"

"பேனர்."

"அது தெரியுது. நான் எப்ப பாஸானேன்?"

"இப்பத்தான். இந்த முடிச்சு விழுந்ததும்." அவன் கீழே இறங்கி வந்தான். "புனித ரோக்கே திருவிழாவுக்கு அச்சுக்கடை பத்து நாள் லீவு. ஆண்டறிக்கையைப் போட்டோவோட அனுப்பக் கடைசி நாள் நாளைக்கு. இயக்குநர் யோசிச்சுப் பார்த்தாரு. ஃபெயிலுக்கு யாரும் பேனர் அடிக்கறதில்ல. அப்ப அடிக்க முடிஞ்சது ஒண்ணுதான். அடிச்சிட்டாரு."

"ஒருவேளை ஃபெயிலாயிட்டா?"

"அதையும் நான் கேட்டேன். நம்பிக்கை இல்லாதவன் ஏணி ஏறக் கூடாதுன்னாரு."

நூறு சதவீதம் என்பதில் பொய் இருக்க வழியில்லைதான். மீன்வளப் பட்டப்படிப்பில் அந்த ஆண்டு தேர்வு எழுதியது ரெசில் ஒருத்தி. அவள் தேறினால் நூறு, தேறாவிட்டால் பூஜ்யம். முந்தைய ஆண்டும் ஒருவன்தான் எழுதினான். அந்தப் பூஜ்யம் இப்போது ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தது.

"என்னை வெச்சுத்தான் உனக்கு வளர்ச்சி," என்றான் டிக்யோ. "நான் மட்டும் போன வருஷம் பாஸாகியிருந்தா நீ வளர்ந்தே இருக்க முடியாது."

பாலாங்கிடான் வளாகத்தில் வளர்ச்சி இப்படித்தான் வெகுநாளாக நடந்துகொண்டிருந்தது. ஒரு ஆசிரியர் அரை நாள் இணையக் கருத்தரங்கில் கலந்துகொண்டால் அவர் முகம் அறிவியல் கட்டடத்தில் ஏறும். அதே கருத்தரங்கில் பாதியில் இணைப்பு அறுந்துபோனவருக்குக் கொஞ்சம் சிறிய பேனர். பண்ணையிலிருந்த எருமை கன்று ஈன்றபோது, கால்நடைத் துறையின் நூறு சதவீத உயர்வுக்காக எருமை, கன்று, துறைத் தலைவர் மூவரும் ஒரே பேனரில் ஏறினார்கள். மாகாணத்திலேயே அதிக பேனர் உள்ள வளாகம் என்று தலைமை வளாகம் பாராட்டியதும் அதற்கும் ஒரு பேனர் வந்தது. சுவரெல்லாம் தீர்ந்து, பேனர்கள் ஜன்னல்களுக்கு வந்துவிட்டதால் வகுப்புகளில் பகலிலும் விளக்கு எரிந்தது. மின் பயன்பாடு கூடியது ஆண்டறிக்கையில் 'உள்கட்டமைப்பு வளர்ச்சி' என்ற தலைப்பில் இடம்பெற்றது.

பதினொரு நாள் கழித்து முடிவு வந்தது. ரெசில் அதைச் சந்தையில் அம்மாவின் கருவாட்டுக் கடையில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தாள். தேறியவர்களின் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தாள். அவள் பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இல்லை. எழுபத்தைந்து வேண்டும். அவளுக்கு எழுபத்து மூன்று. மீன் நோய்கள் தாளில் கால் இடறியிருந்தது.

அம்மா ஹெர்மினியா விஷயத்தைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்தாள். மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதுக்கோ. அழுது முடிச்சிட்டு மூஞ்சியக் கழுவிட்டு வா, கருவாட்டைத் திருப்பிப் போடணும்." பிறகு சொன்னாள்: "நாளைக்குப் போயி அந்தப் படத்தை இறக்கச் சொல்லு. அடுத்த வருஷம் மறுபடி எழுது. அதுல ஒண்ணுமில்ல. ஆனா நாம வாங்காத பேரு நம்ம தலைக்கு மேல தொங்கக் கூடாது."

மறுநாள் ரெசில் இயக்குநர் அறைக்குப் போனாள். டாக்டர் அல்கோரிசா எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாம்மா ரெசில். இந்த வளாகத்தோட பெருமையே."

"சார், நான் பாஸாகல."

"எதுல?"

"உரிமத் தேர்வுல, சார். நேத்து ரிசல்ட் வந்துடுச்சு. என் பேரு இல்ல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் அதிர்ச்சி அடைந்தவராகத் தெரியவில்லை. தூரத்து உறவினர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர்போல் அனுதாபமாகத் தலையாட்டினார்.

"பட்டியல் அவங்க போட்டது. அறிக்கை நாம போட்டது. அவங்க பட்டியல்ல நாம கை வைக்க முடியுமா? முடியாது. அதே மாதிரி நம்ம அறிக்கையில அவங்க கை வைக்க முடியாது. நிறுவனங்களுக்குள்ள இருக்க வேண்டிய மரியாதை அது."

"ஆனா உண்மை என்னன்னா சார்…"

"உண்மைங்கறது ஒரு நாள் நடக்கறதும்மா. சாதனைங்கறது தொடர்ந்து நடக்கறது. நீ நாலு வருஷம் படிச்சே, கப்பல் ஏறினே, எழுதினே. அத்தனை பக்கத்துல கடைசிப் பக்கம் ஒண்ணு கொஞ்சம் மாறிப்போச்சு. அதுக்காக முழுப் புத்தகத்தையும் கிழிக்கலாமா?"

"பேனரை மட்டும் இறக்கினா போதும், சார்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "இது சாதனைச் சேர்க்கைப் படிவம். நாலு நகல். இதைப் போட்டாத்தான் ஒரு சாதனை உள்ள வரும். வெளியே போறதுக்குப் படிவம் இருக்கா? இல்ல. ஏன் இல்ல? ஒன்பது வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு சாதனைகூட இங்கேயிருந்து வெளியே போனதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. ரெசிலுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவளை நகராட்சியின் தீயணைப்பு வண்டிமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். வராமலிருந்தால் வண்டியை வீட்டு வாசலுக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சந்துக்குள் வண்டி நுழைந்தால் மூன்று வீட்டுக் கூரை போகும் என்பதால் அவளே வந்தாள். முன்னால் பள்ளிக்கூட பேண்டு வாத்தியம். வழியெல்லாம் கை காட்டியவர்களிடம் அவள், "நான் பாஸாகல, நான் பாஸாகல," என்று சொல்லிக்கொண்டே போனாள். வாத்தியச் சத்தத்தில் கேட்காதவர்கள் பதிலுக்குக் கை காட்டினார்கள்.

கேட்டவர்கள், "எவ்வளவு அடக்கம் பாரு இந்தப் பொண்ணுக்கு. ஹெர்மினியா வளர்ப்பு," என்றார்கள்.

அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குப் பரிசுகள் வந்தன. உயிரோடு ஒரு கோழி, ஒரு மூட்டை தேங்காய், துணிக்கடைக்காரியிடமிருந்து ஒரு ஜோடி செருப்பு, கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மனாங் பெலிங்கிடமிருந்து பன்னிரண்டு முட்டை. அவளை வயதில் பெரியவர்கள்கூட மனாங் என்றுதான், அக்கா முறை வைத்துத்தான், கூப்பிடுவார்கள். ஹெர்மினியா எல்லாவற்றையும் கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"என் மக பாஸாகல. இந்தாங்க உங்க கோழி."

"குடுத்தது குடுத்ததுதான். வெச்சுக்கோயேன்."

"பாஸானா வாங்கிக்கறேன். இப்ப இது உங்க கோழி."

மனாங் பெலிங்கிடம் பதினொரு முட்டைதான் போய்ச் சேர்ந்தது. "மன்னிச்சுக்கோ மனாங். நான் கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள சின்னவன் ஒண்ணை வேக வெச்சுத் தின்னுட்டான். அதுக்குப் பதிலா இந்தக் கருவாடு." மனாங் பெலிங் கருவாட்டை வாங்கிக்கொண்டு, ஹெர்மினியா தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் பங்குத்தந்தை ரெசிலின் வெற்றிக்காக நன்றி சொல்லி ஜெபித்திருந்தார். ரெசில் அவரைத் தனியே பார்த்து விஷயத்தைச் சொன்னாள். அவர் எந்தப் படிவமும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே ஒலிபெருக்கியில், "போன வாரம் நான் தவறாகச் சொல்லிவிட்டேன். ரெசில் மக்பந்தாய் இந்த முறை தேறவில்லை. மறுபடி எழுதப்போகிறாள். அவளுக்காகவும், தேறாத எல்லோருக்காகவும் மன்றாடுவோம்," என்றார். கோயிலில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் டிக்யோ முழங்காலிட்டு இருந்தான். அவனுக்காக அதற்குமுன் யாரும் எந்த ஒலிபெருக்கியிலும் மன்றாடியதில்லை. தேறாத எல்லோரிலும் தானும் உண்டு என்று அவனுக்குத் தெரிந்தது.

அது கல்லூரியை எட்டவில்லை. இயக்குநரும் பீடத் தலைவர்களும் ஞாயிறுகளில் ஆவணம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஜூனில் தரமதிப்பீட்டுக் குழு வர இருந்தது.

ஜனவரியில் இயக்குநர் ரெசிலைக் கூப்பிட்டு, 'நான் வென்றது எப்படி' என்ற தலைப்பில் இளைய மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொன்னார். அவள் போய் நின்று, தான் எந்தெந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் எழுதினாள், ஏன் தவறு, சரியான பதில் என்ன என்று ஒன்றரை மணி நேரம் பேசினாள். மாணவர்கள் தலை நிமிராமல் குறிப்பெடுத்தார்கள். அந்த வளாகத்தில் அதற்குமுன் யாரும் அப்படிப் பேசியதில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் திருப்திப் படிவம் நிரப்பினார்கள். தொண்ணூற்றாறு சதவீதம். அதற்கும் ஒரு பேனர் வந்தது, அதே பாதி மூடிய கண்ணோடு.

இதெல்லாம்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மே மாதக் கடைசியில்தான் காரியம் கெட்டது. ஆகஸ்ட் தேர்வுக்கு விண்ணப்பிக்க ஜூன் பதினைந்து கடைசி நாள். மாகாண மீன்குஞ்சுப் பண்ணையில் ஒரு இடம் காலியாக இருந்தது. உரிமம் இருந்தால் அந்த வேலை. இல்லாவிட்டால் வேறு ஊர்க்காரர் யாராவது வருவார். விண்ணப்பத்தோடு கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தின் சான்றிதழ் ஒன்று வேண்டும். அதில் 'உரிமத் தேர்வு எழுதும் பொருட்டு' என்று போட்டிருக்க வேண்டும்.

மனாங் பெலிங் கணினியில் அவள் பெயரைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"இந்தாய், இது குடுக்க மாட்டேங்குதே," என்றாள். சின்னப் பெண்களை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "நீ பாஸாயிட்டதா இருக்கு. பாஸானவங்களுக்குத் தேர்வு எழுதச் சான்றிதழ் அடிக்காது. அந்த வரியே திறக்க மாட்டேங்குது."

"மனாங், உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியலையே." அவள் கணினியின் தலையில் மெல்லத் தட்டினாள். "மேல போயி சாதனைக் குழுவுல கேட்டுப் பாரு."

சாதனைக் குழுவின் செயலாளர் அன்பாகப் பேசினார். குழு கூடினால் இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். குழு எப்போது கூடும் என்று கேட்டாள். ஏதாவது சாதனை நடந்தால் கூடும் என்றார். அடுத்து என்ன சாதனை வர இருக்கிறது என்று கேட்டாள். அவர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க மறுபடி பாஸானா கூடலாம்," என்றார். சொல்லிவிட்டு அதிலிருந்த சிக்கல் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

ஜூன் எட்டாம் தேதி தரமதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேராசிரியர்கள். வாசலில் அவர்களுக்குச் சங்குமாலை போட்டார்கள். மாணவிகள் மூங்கில் கழிகளுக்கு நடுவே தாண்டி ஆடினார்கள். முழுப்பன்றி வறுவல் இரண்டு காத்திருந்தது. இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார்.

"எங்களிடம் கட்டடம் குறைவு, அதை நாங்கள் மறைக்கவில்லை. பேனர்களுக்குப் பின்னால் அது இருக்கிறது. எங்களிடம் மாணவர்கள் குறைவு. ஆகவேதான் எங்கள் ஒவ்வொரு மாணவரும் அதிகச் சதவீதம். பெரிய வளாகங்களில் ஒருவர் தேறினால் அது அரை சதவீதம். இங்கே ஒருவர் தேறினால் அது நூறு. எங்கே ஒரு மாணவருக்கு அதிக மதிப்பு என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எருமைத் துறைத் தலைவர் எழுந்து நின்று தட்டினார்.

ஆவண அறையில் நீல உறை போட்ட பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஐந்தாம் பிரிவு, பதினான்காம் சான்று என்ற அட்டைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதில் ரெசில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கழுத்திலும் பதினான்கு என்று எழுதிய அட்டை தொங்கியது. சிரிக்க வேண்டும், கேட்டால் மட்டும் 'ஆமாம்' சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார்கள். உத்தரவின் நகல் பெட்டியில் இருந்தது.

குழுவில் டாக்டர் சின்ஃபொரோசா லாயுக் என்று ஒரு குள்ளமான அம்மா இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தனியாக வந்து, பதினான்காம் சான்றுக்கு முன்னால் நின்றார். இயக்குநர் பின்னாலேயே வந்தார்.

"நீங்கதான் உரிமத் தேர்வுல தேறினவங்களா?"

கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. 'ஆமாம்' என்றால் இந்த ஆண்டும் போகும். அதற்கடுத்த ஆண்டும் போகும். வாழ்நாள் முழுக்கத் தேறியவளாகவே இருந்துவிட நேரும்.

"இல்ல மேடம். நான் ரெண்டு மார்க்குல ஃபெயிலு. மறுபடி எழுதணும். தேறிட்டதா பதிவுல இருக்கறதால சான்றிதழ் குடுக்க மாட்டேங்கறாங்க."

இயக்குநர் சிரித்தார். "அடக்கம், மேடம். எங்க வளாகத்துல அதையும் ஒரு பாடமா வெச்சிருக்கோம்."

டாக்டர் லாயுக் அவர் பக்கம் திரும்பவில்லை. "எந்தத் தாள்ல போச்சு?"

"மீன் நோய்கள், மேடம்."

"புத்தகம் இல்லையா இங்க?"

"ஒண்ணு இருக்கு, மேடம். வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தா இருக்கு." சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி பூட்டியிருந்தது. அதற்குள் சிவப்புத் துணிமேல் ஒரு தடித்த புத்தகம், முதல் பக்கம்கூட மடங்காமல், அழகாக வைத்திருந்தது. ஏழாம் பிரிவு, நூலக வளர்ச்சி, மூன்றாம் சான்று.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"அட்டையை மட்டும் படிச்சேன், மேடம். வெளியே எடுக்க விட மாட்டாங்க."

டாக்டர் லாயுக் இயக்குநரிடம் சாவி கேட்டார். அவர் கொடுத்தார், மதிப்பீட்டாளர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த அம்மா பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, தூசியில்லாத அதன் அட்டையைப் பழக்கத்தில் ஒருமுறை துடைத்துவிட்டு, ரெசிலின் மடியில் வைத்தார்.

"மேடம், அது சான்று," என்றார் இயக்குநர்.

"நான் பார்த்துட்டேன், சார். பார்த்து முடிச்சா அது வெறும் புத்தகம்தான்."

ஒரு சாதனை அந்த அறையிலிருந்து வெளியே போவதை இயக்குநர் முதல்முறையாகப் பார்த்தார்.

மதிப்பீட்டு அறிக்கை மூன்று வாரம் கழித்து வந்தது. உயிருள்ள சான்று ஒன்று அதிகாரிகள் முன்னிலையில் உண்மை பேசியதால், ஒழுக்கக் கல்விப் பிரிவில் வளாகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தத்தில் மூன்றாம் நிலை, முன்பைவிட ஒரு படி உயர்வு. கடைசியில் 'பரிந்துரைகள்' என்ற தலைப்பில் டாக்டர் லாயுக் தன் கையால் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். அந்த ஒன்பது பக்கமும் உடனே நீல உறை போட்டு அடுத்த மதிப்பீட்டுக்கான சான்றாகப் பெட்டியில் வைக்கப்பட்டன.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அந்த மதிப்பீட்டு நாள் மாலையிலேயே, மனாங் பெலிங் ரெசிலை ஜன்னல் வழியாகக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அலுவலகத்தில் மற்றவர்கள் பன்றி வறுவலின் மிச்சத்தைப் பங்கு போடப் போயிருந்தார்கள்.

"உள்ள வா இந்தாய். பத்து நாளா யோசிச்சேன். தேர்வு எழுதும் பொருட்டுன்னு போடத்தானே இது விட மாட்டேங்குது? நாம ஏன் அதைப் போடணும்?" அவள் ஒரு தாளை நீட்டினாள். ரெசில் பட்டப்படிப்பை முடித்தவள், நன்னடத்தை உள்ளவள் என்று அதில் இருந்தது. கடைசி வரி: 'இச்சான்றிதழ் சட்டப்படி எந்தெந்தக் காரியத்துக்குப் பயன்படுமோ அந்தக் காரியத்துக்காக வழங்கப்படுகிறது.'

"இது எல்லாச் சான்றிதழ்லயும் இருக்கற வரிதானே மனாங்?"

"அதனாலதான் யாரும் படிக்கறதில்ல. இருபது வருஷமா அடிக்கறேன், நானே இன்னைக்குத்தான் படிச்சேன். தேர்வு எழுதறது சட்டப்படி ஆகாத காரியமா? இல்லையே. தலைநகர்ல என் தங்கச்சி மகன்கிட்ட போன் போட்டு தேர்வு ஆணையத்துலயும் விசாரிக்கச் சொல்லிட்டேன். ஏத்துக்குவாங்களாம்." முத்திரையை மூச்சால் ஊதி ஈரமாக்கி அழுத்தினாள். பிறகு இன்னொரு தாளையும் எடுத்தாள். "இது டிக்யோவுக்கு. அவன் கேக்கல. கேக்க வெக்கப்படுவான். நீயே குடுத்துடு."

"மனாங், ஏன் இவ்வளவு…"

"பதினொரு முட்டையைத் திருப்பிக் குடுக்கற வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கு? போ, மழை வர்ற மாதிரி இருக்கு."

ஜூலையில் வாசலில் 'மூன்றாம் நிலை' பேனருக்கு இடம் வேண்டியிருந்தது. டிக்யோ ரெசிலின் பேனரை இறக்கிச் சுருட்டி ஹெர்மினியாவிடம் கொண்டுவந்து கொடுத்தான். கருவாடு காயப்போட நல்ல விரிப்பு. மூங்கில் தட்டியின் அளவுக்கு அவள் வெட்டியதில் இயக்குநரும் நகரத் தலைவரும் தனியே வந்துவிட்டார்கள். வாத்துக் கூண்டுக்குக் கூரையானார்கள். மகளின் பாகத்தை அவள் குப்புற விரித்தாள். மகள் முகத்தின்மேல் மீனைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. வாங்காத பேரை ஊர் பார்க்கவும் வேண்டாம்.

அந்த ஒரு மாதம் ரெசிலும் டிக்யோவும் தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் நோய்களைப் படித்தார்கள். ஆகஸ்டில் இருவரும் கப்பலேறினார்கள்.

முடிவு வந்தபோது ரெசிலுக்கு எண்பத்தொன்று. டிக்யோவுக்கு எழுபத்து நான்கு.

"ஒரு மார்க்கு," என்றான் டிக்யோ. "சரி. அடுத்த வருஷம் வளர்றதுக்கும் யாராவது வேணுமில்ல."

ரெசில் மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். பேனருக்காகப் போகவில்லை. பதிவைச் சரிசெய்ய இப்போதாவது முடியுமா என்று கேட்கத்தான் போனாள். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லதும்மா. மனசுக்கு நிறைவா இருக்கு. ஆனா நீ போன வருஷமே பாஸ். ஒருத்தரை ரெண்டு தடவை எண்ணினா அது ஏமாத்து வேலை. அதை நான் செய்ய மாட்டேன்."

"சரி, சார்."

"உன்னைக் கழிச்சா இந்த வருஷம் எழுதினது டிக்யோ மட்டும். நூறுலேர்ந்து பூஜ்யம். அது வளர்ச்சியாகாது." அவர் பேனாவை எடுத்து எழுதினார்: 'இவ்வாண்டு எவரும் தேர்வு எழுதவில்லை.' எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் களைத்தவராகத் தெரிந்தார். "அந்தப் புத்தகத்தை வெச்சிருக்கியாம்மா?"

"இருக்கு, சார். கொண்டு வந்து குடுத்துடறேன்."

"வேண்டாம்," என்றார் மெதுவாக. "அந்தப் பையன் படிக்கட்டும்."

அன்று சாயங்காலம் ஹெர்மினியா தட்டியிலிருந்த கருவாட்டையெல்லாம் கூடையில் அள்ளினாள். விரிப்பை உருவி, கிணற்றடியில் போட்டு, சோப்பு போட்டுத் தேய்த்தாள். உப்பும் செதிலும் போயின. வாடை போகவில்லை. டிக்யோ ஏணி கொண்டுவந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு முன்னால் இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே அதைக் கட்டினான், இந்த முறை முகம் தெருவைப் பார்க்க. வெயிலில் எழுத்து வெளுத்திருந்தது. பாதி மூடிய கண் அப்படியே இருந்தது. ரெசில் மக்பந்தாய், தேர்ச்சி. வருடம் மட்டும் ஒன்று குறைவாக இருந்தது. ஹெர்மினியா அடுப்புக்கரியால் அதைத் திருத்தினாள்.

மனாங் பெலிங் வேலை முடிந்து வரும் வழியில் நின்று பேனரைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"பன்னெண்டு இருக்கு," என்றாள். "இப்ப வாங்கிக்கலாமா?"

ஹெர்மினியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கினாள். எண்ணிப் பார்க்கவில்லை. உள்ளே போய் அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள்.